"தொடாதே" என்று எழுதி ஒட்டியவள் நான்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. நாலு வரி படித்துவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைத்தான் செய்தீர்கள். இன்றைக்கு முழுசாகப் படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் பாதி என்மேல்தான்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அம்பாசமுத்திரம் பக்கத்தில் கிராமம். பிறவியிலேயே கண்பார்வை கிடையாது. பி.ஏ., பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அம்மா பீடி சுற்றுகிறார். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் என்.வி.டி.ஏ. என்று ஒரு மென்பொருள் போட்டிருக்கிறான். திரையில் இருக்கிற எழுத்தையெல்லாம் அது வாய்விட்டு வாசிக்கும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்கிற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது. காசு கிடையாது, இலவசம். தமிழும் வாசிக்கும். குரல் கொஞ்சம் தகரடப்பாவைத் தட்டினாற்போல இருக்கும். ஆனால் அந்தக் குரலை வைத்துத்தான் அவன் பி.எட்.டே முடித்தான்.

"டீச்சர், ஒரு வாரமா கம்ப்யூட்டர்ல சத்தமே வரல. கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் மானிட்டரைப் போட்டுப் பாத்துட்டு, டிஸ்பிளே நல்லா வருதே தம்பி, சிஸ்டம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றார் டீச்சர்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிஸ்பிளே நல்லா வருகிறதாம். யாருக்கு?

அவன் விளக்கிச் சொன்னதும் கடைக்காரர் அடுத்த தீர்ப்பைச் சொல்லியிருக்கிறார். "சவுண்ட் போர்டிலேயே இருக்கிறது. அதனால் போர்டையே மாற்ற வேண்டும். இந்த மாடல் போர்டு இப்போது வராது. புதுசு எடுத்துவிடுங்கள். முப்பதாயிரத்துக்குள் முடித்துத் தருகிறேன்." பீடி சுற்றுகிற வீட்டில் முப்பதாயிரம் என்றால் எத்தனை ஆயிரம் பீடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டேன். என் மகன் பெங்களூரிலிருந்து, "அம்மா, நான் பாதி போடறேன், புதுசே வாங்கிக் குடுத்துருவோம்" என்றான். நல்ல மனசு, மறுக்கவில்லை. அண்ணன் மகன், "அத்தை, இந்தக் காலத்துல யாரு டெஸ்க்டாப் வச்சிருக்கா? போன்லயே படிக்கச் சொல்லுங்க" என்றான். இன்னொரு மருமகள், "ஸ்பீக்கர்தானே சித்தி, அவ்வளவு அவசரமா?" என்று கேட்டாள்.

யாராவது ஒருவர், "அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார்களா?" என்று கேட்டீர்களா? ஒருவரும் கேட்கவில்லை. இஞ்சினியர்கள் ஆறு பேர் இருக்கிற குழு அது.

என் சண்டையே இதுதான். சத்தம் என்பது பாட்டு கேட்க, படம் பார்க்க மட்டும் என்று நினைக்கிறீர்கள். கண் தெரிந்தவர்களுக்கு அது அலங்காரம். இவனுக்குச் சத்தம் போனால் கம்ப்யூட்டரே போயிற்று. உங்கள் மானிட்டரை ஒரு வாரம் கழற்றி வைத்துவிட்டு, "மற்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? அடுத்தது, ஒரு பாகம் கெட்டால் முழுசையும் தூக்கிப்போடு என்பதை ஏதோ அறிவியல் உண்மை மாதிரி எல்லாரும் நம்பிவிட்டோம். அது அறிவியல் இல்லை, வியாபாரம்.

அறிவியலை நான் சொல்கிறேன், கேளுங்கள். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் இருப்பதெல்லாம் எண்கள். ஸ்பீக்கருக்கு எண் புரியாது. அதற்கு வேண்டியது ஏறி இறங்குகிற மின்னழுத்தம். எண்ணை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்குக் கொடுப்பதும், மைக்கிலிருந்து வருகிற மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றி உள்ளே வைப்பதும்தான் சவுண்ட் கார்டின் வேலை. சி.டி. தரத்தில் என்றால் நொடிக்கு 44,100 தடவை இந்த மாற்றம் நடக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. படிப்பது, கணக்குப் போடுவது, சேமிப்பது எதிலும் அதற்குப் பங்கு இல்லை.

1981-இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதில் பீப் பீப் என்று கத்துகிற ஒரு சின்ன ஸ்பீக்கர்தான் இருந்தது. பாட்டும் பேச்சும் வேண்டுமென்றால் தனியாகக் கார்டு வாங்கிச் செருக வேண்டும். 1987-இல் கனடாவிலிருந்து ஆட்லிப் வந்தது. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. 90-களில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். அப்புறம்தான் அந்த வேலையை நகத்தளவு சிப்பில் அடக்கி மதர்போர்டிலேயே ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான், மலிவு. ஆனால் அந்த நகத்தளவு சிப் கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? கார்டு செருகுகிற துளை இன்றைக்கும் பெரும்பாலான டெஸ்க்டாப் போர்டுகளில் சும்மாதான் கிடக்கிறது. வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை என்றால் வீட்டையா இடிக்கிறோம்?

எனக்கும் இதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்னால் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டேன். திருநெல்வேலியில் ஹார்டுவேர் வேலை பார்க்கிற இன்னொரு மாணவனுக்குப் போன் போட்டேன். (அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.) அவன் முதலில் சொன்னது: "எதையும் வாங்காதீங்க டீச்சர். முதல்ல எது கெட்டிருக்குன்னு பாக்கணும்."

ஸ்பீக்கரை எடுத்துப் போனில் மாட்டிப் பார்க்கச் சொன்னான். பாடியது. ஸ்பீக்கர் நல்லது. கம்ப்யூட்டரில் முன்பக்கத் துளை, பின்பக்கத் துளை இரண்டிலும் மாட்டச் சொன்னான். இரண்டிலும் இல்லை. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாயிற்று. அப்போதும் இல்லை. கடைசியாக யாரிடமாவது யூ.எஸ்.பி. ஹெட்செட் இரவல் வாங்கிச் செருகச் சொன்னான். உடனே குரல் கேட்டது! ஆக விண்டோஸ் நல்லது, கம்ப்யூட்டர் நல்லது, போர்டில் இருக்கிற சவுண்ட் சிப் மட்டும் போயிருக்கிறது. போன மாதம் இடி மின்னலில் ஊரே இருண்டதே, அதில் போயிருக்கலாம்.

இத்தனைக்கும் அரை மணி நேரம் ஆனது, செலவு ஒரு பைசா இல்லை. கடையில் இதைச் செய்யவில்லை.

கடைக்காரரை மட்டும் திட்டினால் நியாயமில்லை. அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு இருநூறு ரூபாய் கேட்டால், "சும்மா பாத்ததுக்கா இருநூறு?" என்று சண்டைக்குப் போவது யார்? நாம்தான். பொருளுக்குக் காசு கொடுப்போம், மூளைக்கும் நேரத்துக்கும் கொடுக்க மாட்டோம். அப்புறம் அவரும் பொருளைத்தானே விற்பார்?

யூ.எஸ்.பி.யில் செருகுகிற சின்ன சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. பல பேருக்கு அதுவே போதும். முதலுதவியாக அதைத்தான் முதலில் வாங்கினோம். ஆனால் வீட்டில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், கை பட்டால் கழன்றுவிடும். கழன்றால் உங்களுக்குப் பாட்டு நிற்கும். அவனுக்கு எல்லாமே இருட்டு. எங்கே கழன்றது என்று தடவித் தேட வேண்டும். அதனால் உள்ளே பொருத்துகிற கார்டே வாங்குவோம் என்று முடிவு செய்தோம். 2,850 ரூபாய் ஆனது. முப்பதாயிரம் எங்கே, இது எங்கே.

வாங்கும் முன்னால் பெட்டியைத் திறந்து எந்தத் துளை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய போர்டுகளில் பி.சி.ஐ. என்று மூன்று இஞ்சுக்கு மேல் நீளமான துளை இருக்கும். பிறகு வந்தவற்றில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். அதில் சின்னது ஒரு இஞ்ச் நீளம்தான். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது. ஒல்லியான கேபினட் என்றால் கார்டின் தகடும் குட்டையாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்ப அலையாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை தென்காசியிலிருந்து கடையம் வழியாகப் போகிற பஸ் ஏறிப் போனேன். பையில் கார்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர், வீட்டு முறுக்கு.

"ஷாக் அடிக்காதா டீச்சர்?" என்று அவன் அம்மா கதவோரமே நின்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டு மின்சாரம் பவர் சப்ளை என்கிற பெட்டியோடு நின்றுவிடும். அந்தப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. அதிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட்டும் அதற்குக் கீழும்தான். நாம் அதையும் விட்டுவைக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்கினோம். பிறகு கேபினட்டின் தகரத்தைத் தொட்டுக்கொண்டோம். நம் உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் கார்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுத்துக் காட்டுவேனே, அதே நிலைமின்சாரம்தான்.

பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே ஊர்ப்பட்ட தூசி. துளையைத் தேடி நான் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். அவன் விரலை மெதுவாக விட்டுத் தடவி, "இங்க இருக்கு டீச்சர்" என்றான். கார்டைக் கையில் வாங்கி ஓரத்தைத் தடவினான். "இதுல ஒரு பள்ளம் இருக்கு. அங்க ஒரு மேடு இருக்கு. ரெண்டும் ஜோடி." நான் எதுவும் சொல்லித் தரவில்லை. பின்னால் இருந்த மூடித் தகட்டை எடுத்துவிட்டு, கார்டை நேராக வைத்து இரண்டு கையாலும் ஒரே சீராக அழுத்தினான். உட்கார்ந்தது. ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கினான். முன்பக்கத் துளைக்குப் போகிற சின்ன வயரை போர்டிலிருந்து பிடுங்கிப் புதுக் கார்டில் மாட்டினோம். அதில் பத்து ஊசிக்கு ஒன்று இருக்காது, அதனால் தலைகீழாக ஏறாது. தப்பு செய்யவிடாதபடியே செய்திருக்கிறார்கள். பச்சைத் துளை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்று நான் நிறம் சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் எத்தனையாவது துளை என்று விரலால் எண்ணி வைத்துக்கொண்டான்.

ஆன் செய்தோம். சத்தம் இல்லை!

என் வயிற்றில் புளியைக் கரைத்தது. திருநெல்வேலிக்காரனுக்குப் போன். "டீச்சர், சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து அவுட்புட்ல என்ன இருக்குன்னு பாருங்க." பார்த்தால் விண்டோஸ் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. கேட்க ஆளில்லாத இடத்துக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. புதுக் கார்டை மாற்றிக் கொடுத்தோம். தகரடப்பாக் குரல் வந்தது. நான் நகர்த்துகிற ஒவ்வொரு பெயரையும் வாசிக்க ஆரம்பித்தது. பிறகு கார்டுக்குரிய டிரைவரைப் போட்டோம். பயாஸில் போய், செத்துப்போன பழைய சிப்பை அணைத்தும் வைத்தோம்.

கவனியுங்கள், இந்த இடத்தில் மட்டும்தான் அவனுக்குக் கண் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. சத்தம் வரும்வரை திரையில் இருப்பதை யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். பயாஸ் திரையை என்.வி.டி.ஏ.வால் வாசிக்க முடியாது. மற்ற கைவேலையெல்லாம் அவனே செய்துவிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது பத்து நிமிஷம் கண்ணை இரவல் கொடுக்க ஓர் ஆள். நாமெல்லாரும் கொடுக்க முன்வந்தது முப்பதாயிரம் ரூபாய்.

குரல் வந்த ஐந்தாவது நிமிஷம் அவன் கை கீபோர்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரமாக விட்டுப்போன உளவியல் பாடக்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் இருப்பதையே மறந்துவிட்டான். நானும் அவன் அம்மாவும் முறுக்குத் தின்றோம்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கம்ப்யூட்டர்கள் வந்தது பல பேருக்கு நினைவிருக்கும். அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்வோம். கம்ப்யூட்டருக்குத் துணி உறை. சாவி என் இடுப்பில். சுவரில் பெரிய எழுத்தில் "தொடாதே". அந்த எழுத்து என் கையெழுத்து. அழகாக எழுதுவேன் என்று என்னிடம்தான் எழுதச் சொன்னார்கள், நானும் பெருமையாக எழுதினேன். ஸ்பீக்கர்களை அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்குமாம்.

அந்த வகுப்பில் இவனும் இருந்தான். எல்லாரும் வரிசையாகப் போய்த் திரையைப் பார்த்தார்கள். இவன் முறை வந்தபோது, "இது என்ன செய்யும் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினான். நான் கையைப் பிடித்து நகர்த்தி, "தொடாதே" என்றேன். பேசக்கூடிய எந்திரம் முன்னால் இருந்தது. பேச வைக்கிற ஸ்பீக்கர் அலமாரியில் பெட்டிக்குள் இருந்தது. நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு இது நினைவிருக்கிறதா என்று அன்றைக்கு அவன் வீட்டில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பதிவை அவன் எந்திரம் அவனுக்கு வாசித்துக் காட்டும். ஐயா, அன்றைக்கு நான் செய்தது தப்பு.

திருநெல்வேலிக்காரன் யார் தெரியுமா? மவுஸைத் திருப்பிப் போட்டு மூடியைத் திறந்து உள்ளேயிருந்த உருண்டையை எடுத்தானே, அவன்தான். அன்றைக்கு முழுப் பீரியடும் அவனை வெளியே முட்டிபோட வைத்தேன். அந்த அறையில் கம்ப்யூட்டரைப் பற்றி உண்மையில் ஏதாவது கற்றுக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அவனுக்கும் என் மன்னிப்பு.

சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த சிம் வோங் ஹூ, பெரிய பட்டம் எதுவும் வாங்காதவர். என்னைப் போல டிப்ளமோக்காரர். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் படித்து, 1981-இல் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையாகத்தான் ஆரம்பித்தார். 2023-இல் காலமானார். 1999-இல் வந்த தன் புத்தகத்தில் அவர் ஒரு கருத்தைச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் "திரும்பக் கூடாது" என்று பலகை இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பலாம். சிங்கப்பூரில் "திரும்பலாம்" என்று பலகை இருந்தால்தான் திருப்பலாம். அனுமதி எழுதியிருந்தால் மட்டுமே செய்வேன் என்கிற மனசுக்கு அவர் ஒரு நோய்ப் பெயரே வைத்தார்: நோ யூ-டர்ன் சிண்ட்ரோம். அதை நான் படித்தபோது என் கையெழுத்துப் பலகைதான் கண்முன் வந்தது. நாங்கள் உங்களுக்கு அதைத்தான் மார்க்கோடு சேர்த்துக் கொடுத்தோம். இன்றைக்கு நீங்கள் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் கிரெடிட் கார்டைத் தொடுகிறீர்கள் என்றால் அதில் எங்கள் பங்கும் உண்டு.

எல்லாவற்றையும் பிரித்துப்போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கருகின போர்டு, வீங்கின கெப்பாசிட்டர் என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். லேப்டாப்பில் இந்தக் கார்டு வேலை நடக்காது, அங்கே யூ.எஸ்.பி.தான். ஆனால் டெஸ்க்டாப் என்பது திறப்பதற்காகவே செய்த பெட்டி. அதைத் திறக்காமலே தூக்கிப்போட்டால் அது குப்பைமேட்டுக்குப் போகும். செம்புக்காக யாரோ ஒரு பிள்ளை அந்த வயரை எரித்துப் புகையைக் குடிக்கும். மின்கழிவுக்குப் புது விதிகள் 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கின்றன. இருக்கட்டும். கழிவே ஆகாமல் பார்ப்பது அதற்கு முந்தின வேலை.

இப்போது வீட்டுப்பாடம்.

உங்கள் வீட்டில், அலுவலகத்தில், நீங்கள் படித்த பள்ளியில், "சத்தம் வரல" என்று ஓரம் கட்டின டெஸ்க்டாப் இருந்தால் இந்த வாரம் போய்ப் பாருங்கள். நான் சொன்ன வரிசையில் சோதியுங்கள். பழுது பார்ப்பவர் நேரம் செலவழித்தால் அந்த நேரத்துக்குக் காசு கொடுங்கள். ஊருக்குள் கண் தெரியாத பிள்ளை படிக்கிறதா என்று விசாரித்து, பத்து நிமிஷம் திரையை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

ஆசிரியர் வேலையில் இருக்கிற என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் பள்ளி அலமாரியில் பெட்டி பிரிக்காத ஸ்பீக்கர் இருக்கும். திங்கட்கிழமை எடுத்து மாட்டுங்கள். பக்கத்து வகுப்புக்குக் கேட்டால் கேட்கட்டும்.

செய்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். வெறும் கும்பிடு படம் போடுகிறவர்களுக்கு மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்